ஏழையரின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி

நுழையும்முன்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளே இன்றும் ஏழை மக்களுக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது. காலடியில் கிடக்கும் மண்ணைக் கொண்டே சுவரும் கூரையும் அமைக்கலாம். இரும்பும் மரமும் வாங்க இயலாதவரும் நல்ல வீட்டில் வாழலாம் என்னும் எண்ணத்தைச் செயலாக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி. அவர் கண்ட வெற்றியையும் தோல்வியையும், அவர்தம் எண்ணம் நம் மண்ணில் வேரூன்றிய வகையையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கூரை என்னும் சிக்கல்

வீட்டிற்குச் சுவர் எழுப்புதல் எளிது. மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காக வைத்தும், பச்சைச் செங்கல் அறுத்து வெயிலில் உலர்த்திக் கட்டியும் நம் முன்னோர் சுவர் எழுப்பினர். சுவர் முடியும் இடத்தில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. இரு சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியை மூடுவதற்கு நீண்ட, வலிய பொருள் வேண்டும். அப்பொருள் பெரும்பாலும் காலடியில் கிடைப்பதில்லை. விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மரக்கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களைப் பதித்துச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் ஒட்டுத் தளங்களை இன்றும் காணலாம். மரம் வாங்கும் வசதியற்றோர் தென்னங்கீற்று வேய்ந்த கூரையின்கீழ் வாழ்ந்தனர். இன்றோ நெல்லித்தோப்பு போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த தட்டையான தளங்களே மிகுதியாக உள்ளன. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அத்தளங்கள் இரவில் வீட்டினுள் இறக்குவதைக் கோடைக்காலத்தில் அங்கு வாழ்வோர் அனைவரும் அறிவர். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் கீற்றுக் கூரைகளையும் தகரக் கூரைகளையும் பிய்த்தெறிந்தபோது, கூரை என்பது ஏழைகளுக்கு எத்துணைப் பெரிய சிக்கல் என்பது மீண்டும் வெளிப்பட்டது.

இதே சிக்கலுக்கு விடை தேடித்தான் ஹசன் ஃபாத்தி நைல் ஆற்றங்கரை நெடுகப் பயணம் செய்தார்.

தொடர்வண்டிச் சாளரத்தில் கண்ட நாடு

ஹசன் ஃபாத்தி 1900 மார்ச் 23 அன்று எகிப்தின் துறைமுக நகரான அலெக்சாண்டிரியாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் நிலவுடைமைக் குடும்பம். ஆயினும் தந்தையார் சிற்றூரை விரும்பாதவர். சிற்றூர் என்றால் ஈயும் கொசுவும் கலங்கிய நீரும் நிறைந்த இடம் என்பதே அவர் எண்ணம். எனவே தம் நிலங்களுக்குப் பிள்ளைகளை அவர் அழைத்துச் சென்றதில்லை. தாயாரோ இளமையில் சிற்றூரில் வளர்ந்தவர். ஆட்டுக்குட்டிகளையும் வயல்வெளிகளையும் பற்றிய கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, மீண்டும் அங்கே சென்று வாழ வேண்டும் என ஏங்கியவர். தந்தையின் வெறுப்பும் தாயின் ஏக்கமும் சேர்ந்து, கண்ணால் காணாத சிற்றூரைச் சிறுவன் ஃபாத்தியின் உள்ளத்தில் ஒரு கனவு நாடாக்கின. கெய்ரோவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் இடையே செல்லும் தொடர்வண்டியின் சாளரம் வழியே மட்டுமே அவர் அந்நாட்டைக் கண்டார்.

உழவியல் கற்க வேண்டும் என்பது அவரது முதல் விருப்பம். ஆனால், வேளாண் கல்லூரியின் நேர்முகத் தேர்வில் பயிர்களைப் பற்றிய எளிய வினாக்களுக்கும் அவரால் விடை கூற இயலவில்லை. வயலில் கால் வைத்தறியாத இளைஞருக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. அதன்பின் கட்டடக் கலை பயின்று 1926இல் கெய்ரோவில் பட்டம் பெற்றார்.

பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில், ஒரு சிற்றூர்ப் பகுதியில் பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாளரம் வழியே அழகாகத் தெரிந்த ஊரை அப்போதுதான் அவர் அருகிருந்து கண்டார். இருளடைந்த குடிசைகளும் சேறு நிறைந்த தெருக்களும் நோயுற்ற மக்களும் அவர் நெஞ்சை வருத்தின. அவ்வுழவர்களின் உழைப்பில் வாழும் நிலவுடைமையாளருள் தம் குடும்பமும் ஒன்று என்னும் எண்ணம் அவருக்கு உறுத்தலாயிற்று. சிற்றூர் மக்களுக்கு நல்ல வீடு அமைத்துத் தருவதே தம் பணி என அவர் முடிவு செய்தார்.

இடிந்து விழுந்த கூரைகள்

உழவர்களின் குடிசைச் சுவர்கள் மண்ணால் ஆனவை என்பதை ஃபாத்தி கூர்ந்து நோக்கினார். கற்றறிந்த கட்டடக் கலைஞர்கள் சிமெண்டையும் இரும்பையும் மட்டுமே பொருளாகக் கருதிய காலத்தில், பொருள் ஏற்கெனவே உழவரின் காலடியில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். மண்ணும் வைக்கோலும் சேர்த்துச் செய்த பச்சைச் செங்கல்லைக் கொண்டு அழகிய வீடுகளை வடிவமைத்தார். 1937இல் அவ்வடிவங்களின் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்.

எனினும் அவ்வீடுகளின் கூரைக்கு மரமே தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் வெளிநாடுகளிலிருந்து வந்த மரமும் இரும்பும் எகிப்துக்குக் கிடைக்காமற் போயின. கெய்ரோவை அடுத்த பாஹ்திம் என்னும் இடத்தில் வேளாண் கழகம் ஒன்றின் பண்ணைக்காக அவர் எழுப்பிய சுவர்கள் கூரையின்றி நின்றன. மண் செங்கல்லையே வளைத்துக் கூரையாக்கலாம் எனத் துணிந்து அவர் முயன்றார். வளைவு முற்றுப்பெறும்வரை தாங்கிப் பிடிக்கும் மரச்சட்டத்தை, அதாவது நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் எனக் குறிப்பிடும் முட்டினைத் தவிர்த்தே அக்கூரையைக் கட்ட வேண்டியிருந்தது. கட்டக் கட்டக் கூரைகள் இடிந்து விழுந்தன.

அப்போது அவருடைய தமையனார் அஸ்வான் அணைக்கட்டுப் பணியில் இருந்தார். நாட்டின் தென்கோடியில் வாழும் நூபிய மக்கள் முட்டுக் கொடுக்காமலே மண்கூரை அமைக்கின்றனர் என்ற செய்தியை அவர் தம்பிக்குத் தெரிவித்தார். ஃபாத்தி உடனே அஸ்வானுக்குப் புறப்பட்டார். அது 1941ஆம் ஆண்டு.

அஸ்வானில் கிடைத்த விடை

நைல் ஆற்றின் மேற்குக் கரையில் கர்ப் அஸ்வான் என்னும் ஊர் ஃபாத்தியை வியப்பில் ஆழ்த்தியது. வடக்கே அவர் கண்ட சிற்றூர்களின் அழுக்கும் இருளும் அங்கில்லை. தூய வெண்ணிறச் சுவர்களும், வளைந்த மண்கூரைகளும், வாயிலைச் சுற்றி வரைந்த ஓவியங்களும் கொண்ட வீடுகள் வரிசையாக நின்றன. அவற்றை எந்தப் பொறியாளரும் வடிவமைக்கவில்லை. ஊர் மக்களே தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தனர்.

பயணத்தின் வழியில் லக்சர் நகருக்கு எதிரே, இரண்டாம் ராம்செஸ் மன்னனின் கோவிலை ஒட்டிய நெற்களஞ்சியம் போன்ற தானியக் கிடங்குகளையும் அவர் கண்டார். பச்சைச் செங்கல்லால் வளைத்துக் கட்டிய அக்கூரைகள் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன. மண் உறுதியற்றது என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேறில்லை.

அஸ்வானில் கூரை கட்டும் கொத்தனார்களை ஃபாத்தி தேடிக் கண்டார். போக்தாதி அகமது அலி, அலாவுதீன் முஸ்தஃபா ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் பணிசெய்ததை அருகில் அமர்ந்து பார்த்தபோது, பல்கலைக்கழகத்தில் கற்காத பாடம் ஒன்றை அவர் கற்றார். பின்னர் அக்கொத்தனார்களையே தம் பணிகள் பலவற்றிற்கு அழைத்துச் சென்று, ஏனையோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களாகவும் ஆக்கினார்.

முட்டின்றி எழும் கூரை

நூபியக் கொத்தனார்களின் முறை எளியது, ஆனால் நுட்பமானது. மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் அறையை எண்ணிக்கொள்வோம். அதன் பின்சுவரை மட்டும் மற்றச் சுவர்களைவிட உயர்த்திக் கட்டுகின்றனர். கொத்தனார் ஈரமண்ணை அச்சுவரில் அப்பி, அதன்மேல் வளைவின் வடிவத்தைக் கண் மதிப்பீட்டாலேயே செதுக்கிக் கொள்கிறார். அளவுகோலோ வரைபடமோ அவர் கையில் இருப்பதில்லை.

கூரைக்கான செங்கல் சுவர்ச் செங்கல்லினும் மெல்லியது. வைக்கோல் மிகுதியாகக் கலந்தமையால் எடை குறைந்தது. அதன் பரப்பில் ஈரம் காயுமுன் விரலால் பள்ளக்கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். அக்கோடுகள் குழைத்த மண்சாந்தைப் பற்றிக்கொள்ளும். முதல் வரிசைச் செங்கற்களை நேராக நிறுத்தாமல் பின்சுவரின்மேல் சாய்த்து ஒட்டுகின்றனர். சாய்வு இருப்பதால் செங்கல் வழுக்கி விழுவதில்லை. சாய்ந்த முதல் வளையம் முற்றுப்பெற்றதும், அதன்மேல் அடுத்த வளையம் சாய்கிறது. இவ்வாறு ஒவ்வொரு வளையமும் தனக்கு முன்னுள்ளதையே முட்டாகக் கொண்டு அறையின் முன்புறம் நோக்கி வளர்கிறது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையை இரண்டு கொத்தனார்கள் ஒன்றரை நாளில் மூடிவிடுவதை ஃபாத்தி கண்டார்.

நீண்ட அறைக்கு இவ்வளைகூரை பொருந்தும். சதுர அறைக்கோ குவிமாடம் அமைக்கின்றனர். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் சிறு வளைவுகளை எழுப்பி, அதனை வட்டமாக மாற்றி, அவ்வட்டத்தின்மேல் செங்கல் வரிசைகளைச் சுருக்கிக்கொண்டே சென்று உச்சியில் முடிக்கின்றனர்.

தெரியுமா?
ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவாகத் தொங்கும். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இழுவிசையை மட்டுமே தாங்குகிறது. அவ்வளைவைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினால் அதன் ஒவ்வொரு பகுதியும் அழுத்தத்தை மட்டுமே தாங்கும். இவ்வுண்மையை 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அறிவியலறிஞர் இராபர்ட் ஹூக் எடுத்துரைத்தார். மண் செங்கல் இழுத்தால் உடையும்; அழுத்தினால் தாங்கும். எனவே, இழுவிசைக்கு இடமளிக்காத இவ்வளைவு மண்கூரைக்கு ஏற்ற வடிவமாகிறது.

குவிமாடத்தின்கீழ் வாழ்தல்

வெப்ப நாட்டிற்கு இக்கூரை பலவகையில் உகந்தது. சூடான காற்று மேலெழுந்து உச்சியில் தங்குவதால் கீழே வாழ்வோருக்கு வெம்மை குறைகிறது. உச்சியில் ஒரு துளை இருப்பின் அக்காற்று வெளியேறிவிடும். தட்டையான கூரை முழுவதும் ஒரே நேரத்தில் வெயிலை வாங்க, வளைந்த கூரையின் ஒரு பகுதி காலையிலும் மாலையிலும் தன் நிழலிலேயே இருக்கிறது. தடித்த மண்சுவர் வெப்பத்தை மெல்லவே உள்ளே விடுகிறது.

1964இல் கெய்ரோவில் வெவ்வேறு பொருள்களால் சிறு கட்டடங்கள் கட்டி ஆய்வு நடத்தப்பட்டது. மண் செங்கல்லால் வளைகூரையுடன் கட்டிய அறையில் ஒரு நாள் முழுவதும் வெப்பநிலை 21 முதல் 23 செல்சியசுக்குள் நின்றது. முன்கூட்டி வார்த்த கான்கிரீட் பலகைகளால் கட்டிய அறையிலோ 36 செல்சியஸ் வரை உயர்ந்தது. அது வெளிக்காற்றின் வெப்பத்தைவிடவும் மிகுதி. நிழல் தர வேண்டிய வீடே வெயிலினும் கொடிதாயிற்று.

கூரையோடு நில்லாமல், அரபு நாடுகளின் பழைய வீடுகளில் இருந்த பிற அமைப்புகளையும் ஃபாத்தி மீட்டெடுத்தார். உயரத்தில் வீசும் குளிர்காற்றைப் பிடித்து வீட்டினுள் இறக்கும் காற்றுக் கோபுரம், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் மரப்பின்னல் சாளரம், நடுவில் வானம் பார்த்த முற்றம் ஆகியன அவருடைய வீடுகளில் மீண்டும் இடம்பெற்றன.

புதிய கூர்னா

லக்சருக்கு எதிரே, பழங்கால எகிப்தியப் பெருமக்களின் கல்லறைகள் நிறைந்த குன்றின்மீது கூர்னா என்னும் ஊர் இருந்தது. ஏறத்தாழ 7,000 மக்கள் அக்கல்லறைகளின்மேலும் இடையிலும் வீடு கட்டி வாழ்ந்தனர். கல்லறைகளைத் தோண்டிக் கிடைக்கும் பழம்பொருள்களை விற்பது அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. பாறையில் செதுக்கிய சிற்பம் ஒன்று முழுமையாகவே பெயர்த்தெடுக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஊரையே வேறிடத்திற்கு மாற்ற அரசு முடிவு செய்தது. குறைந்த செலவில் புதிய ஊர் அமைக்கும் பொறுப்பைத் தொல்பொருள் துறை 1945இல் ஃபாத்தியிடம் வழங்கியது.

தம் எண்ணங்களைச் செயலாக்கக் கிடைத்த நல்வாய்ப்பாக அவர் இதனைக் கருதினார். ஒரே வடிவ வீடுகளை வரிசையாகக் கட்டி அடுக்குவதை அவர் ஏற்கவில்லை. நெருங்கிய உறவுடைய குடும்பங்கள் அருகருகே வாழ்தல் அம்மக்களின் வழக்கம். நம் ஊர்களில் பங்காளிகள் ஒரே தெருவில் வாழ்வதைப் போன்றது அது. எனவே உறவுக் குடும்பங்களுக்கு ஒரு பொது முற்றம் என வகுத்து, அதனைச் சுற்றி வீடுகளை அமைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் அறிந்து தனித்தனியே வரைந்தார். கால்நடைகளுக்கும் புறாக்களுக்கும் வீட்டில் இடம் ஒதுக்கினார். பள்ளிவாசல், அங்காடி, பள்ளிகள், நாடக அரங்கு ஆகியனவும் மண் செங்கல்லால் எழுந்தன. கல்லறைத் திருட்டை விடும் மக்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும் என்பதற்காகக் கைத்தொழிற் பயிற்சிக்கும் திட்டமிட்டார். அஸ்வானிலிருந்து கொத்தனார்கள் வந்தனர். உள்ளூர் இளைஞர்கள் அவர்களிடம் தொழில் பயின்றனர்.

உடைக்கப்பட்ட கரை

ஆனால் கூர்னா மக்கள் புதிய ஊரை விரும்பவில்லை. பழைய ஊரை விடுவது அவர்களுக்குப் பிழைப்பை விடுவதாகும். கல்லறைகளைக் காண வரும் அயல்நாட்டுப் பயணிகளால் கிடைத்த வருவாயும் அங்கேதான் இருந்தது. அவர்கள் வேண்டிக் கேட்ட ஊர் அன்று அது. அரசு அவர்களை அகற்ற விரும்பியதால் எழுந்த ஊர். குவிமாடத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தயக்கம் இருந்தது. அப்பகுதியில் குவிமாடம் என்பது பெரியோர் அடக்கமான கல்லறைகளின் மேல் எழுப்பப்படுவது. கல்லறையின் வடிவில் அமைந்த வீட்டில் வாழ்வதற்கு மனம் இசையாதவர் பலர் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அரசு அலுவலகங்களின் தாமதம் மற்றொரு தடையாயிற்று. வைக்கோல் வாங்கவும், கூலி வழங்கவும், வண்டி ஓட்டவும் கோப்புகள் கெய்ரோவுக்குச் சென்று திரும்ப வேண்டியிருந்தது. இதற்கிடையே காலராவும் அப்பகுதியைத் தாக்கியது.

புதிய ஊர் அமைந்த நிலம் நைல் வெள்ளம் புகாதபடி கரைகளால் காக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் இரவில் அக்கரை வெட்டப்பட்டு வெள்ளம் கட்டடங்களை நோக்கிப் பாய்ந்தது. யாருக்காக வீடு கட்டப்பட்டதோ அம்மக்களுள் சிலரே அதனைச் செய்தனர். உடைப்பு அடைக்கப்பட்டு ஊர் காப்பாற்றப்பட்டது. எனினும் ஃபாத்தியின் உள்ளத்தில் ஏற்பட்ட புண் எளிதில் ஆறவில்லை. 1949 அளவில் பணி நின்றுபோனது. திட்டமிட்ட ஊரின் ஒரு பகுதியே எழுந்திருந்தது. அதிலும் மிகச் சில குடும்பங்களே குடியேறின.

இத்தோல்விக்கு அலுவலர்களின் மெத்தனத்தையே ஃபாத்தி முதன்மைக் காரணமாகக் கருதினார். அதில் உண்மை உண்டு. எனினும் வேறொரு வினாவும் இங்கு எழுகிறது. வீட்டின் வடிவத்தைத் தீர்மானிக்க மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது; அவ்வூருக்குச் செல்வதா வேண்டாவா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையோ அவர்களுக்கு வழங்கப்படவில்லை. எத்துணை நல்ல வீடாயினும் வாழ்வோர் விரும்பி ஏற்றால்தான் அது வீடாகும் என்பதைப் புதிய கூர்னா உணர்த்துகிறது. பின்னாளில், 2006ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பழைய கூர்னாவின் வீடுகளை அரசு இடித்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வினா மறையவில்லை.

நூலாக மாறிய ஊர்

கூர்னாவுக்குப் பின் ஃபாத்தி கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கட்டடத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்க் கல்லூரியில் கட்டடக் கலை கற்பித்தார். தம் கருத்துகளுக்கு நாட்டில் வரவேற்பு இல்லாத நிலையில், 1957இல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற நகரமைப்பு வல்லுநர் டாக்சியாடிசின் நிறுவனத்தில் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். கார்கா பாலைவனச் சோலையில் மீண்டும் ஒரு புதிய ஊரை அமைக்கத் தொடங்கினார். காற்றுக் கோபுரங்களின் துணையால் மின்சாரமின்றியே விளைபொருள்களைக் குளிர்ச்சியாகக் காக்கும் அங்காடி அதன் சிறப்பாகும். 1967இல் மூண்ட போர் அப்பணியையும் நிறுத்திவிட்டது.

இரண்டு ஊர்கள் முற்றுப்பெறாமல் நின்ற நிலையில் ஃபாத்தி எழுதுகோலை எடுத்தார். கூர்னாவின் கதையை அவர் நூலாக்கினார். 1969இல் கெய்ரோவில் சில படிகளே வெளிவந்த அந்நூலை 1973இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஏழைகளுக்கான கட்டடக் கலை என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. செங்கல் அறுக்கும் முறை, செலவுக் கணக்கு, அலுவலகச் சிக்கல்கள், ஊராரின் எதிர்ப்பு என அனைத்தையும் அதில் அவர் விரித்துரைத்தார். ஓர் ஊரில் தோற்ற எண்ணம் அந்நூல்வழி உலகெங்கும் பரவியது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இளம் கட்டடக் கலைஞர்கள் அதனைப் படித்து மண்ணை மீண்டும் கையில் எடுத்தனர்.

1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மாற்று நோபல் பரிசு எனப் போற்றப்படும் நல்வாழ்வு விருது தொடங்கப்பட்ட அவ்வாண்டிலேயே அதனையும் பெற்றார். 1984இல் பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியத்தின் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. எண்பது வயதை ஒட்டிய காலத்தில் நூபியக் கொத்தனார்களுடன் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திற்குச் சென்று, மண் செங்கல்லால் பள்ளிவாசல் கட்டும் முறையை அங்குள்ளோர்க்குக் காட்டினார். கெய்ரோவின் பழைய நகர்ப்பகுதியில் ஒரு பழமையான வீட்டில் இறுதிவரை எளிமையாக வாழ்ந்த அவர், 1989 நவம்பர் 30 அன்று மறைந்தார்.

தமிழ் மண்ணில் குவிமாடம்

வளைந்த செங்கல் கூரை தமிழர்க்குப் புதியதன்று. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் சொர்க்க விலாசத்தில் மர உத்தரமோ இரும்போ இன்றிச் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய குவிமாடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும் அக்கலை அரண்மனைகளோடும் வழிபாட்டிடங்களோடும் நின்றது. எளியோர் வீட்டுக் கூரையாக அது இறங்கி வரவில்லை.

தெரியுமா?
தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உள்ளது. செங்கல்லால் வட்டமாக எழுந்து உச்சி நோக்கிக் குவியும் அக்களஞ்சியம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆகும். தானியத்தைக் காக்க வளைந்த கூரையை நைல் கரையினரும் காவிரிக் கரையினரும் தனித்தனியே தேர்ந்தமை எண்ணத்தக்கது.

புதுச்சேரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், செம்மண் மேட்டில் அமைந்தது ஆரோவில். ஃபாத்தி மறைந்த அதே 1989ஆம் ஆண்டில், இந்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் துணையுடன் அங்கு மண் கட்டடக் கலைக்கான ஒரு மையம் தோன்றியது. இன்று ஆரோவில் மண் நிறுவனம் என வழங்கும் அம்மையத்தைக் கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனி வழிநடத்தி வளர்த்தார்.

எகிப்தின் முறையை அம்மையம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மழையே அரிதான அஸ்வானில் பச்சைச் செங்கல் தாங்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் கடற்கரையில் அது கரைந்துவிடும். ஆகவே செம்மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் பொறியில் அழுத்திக் கற்களாக்கினர். அக்கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஈரத்துணியால் மூடி நீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். சூளைக்குத் தேவையான விறகும் மிச்சமாகிறது. நூபியர் வளையங்களைச் சாய்த்து ஒட்டியதுபோலவே, கற்களைக் கிடைவரிசையில் ஒட்டி முட்டின்றி வளைக்கும் முறையையும் அவர்கள் உருவாக்கினர். வளைவின் வடிவத்தைக் கணக்கிட்டுத் துல்லியமாக வகுத்தனர்.

இவ்வழியில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், 1992இல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்த விருதினைப் பெற்றது. அதனை அடுத்து, அடித்தளம் முதல் கூரை வரை பதப்படுத்திய மண்ணாலேயே விகாஸ் என்னும் குடியிருப்பு எழுந்தது. அதன் வீடுகளை வளைகூரைகள் மூடுகின்றன.

இவ்வீடுகளில் வாழ்வதற்கும் சில பழக்கங்கள் வேண்டும். தரையிலிருந்தே குவியும் மாடத்தில் நேரான அலமாரியைச் சுவரோடு பொருத்த இயலாது. பேச்சொலி உச்சியில் பட்டு எதிரொலிக்கும். மேற்பூச்சில் விரிசல் தோன்றினால் மழைக்காலத்திற்கு முன்பே அடைத்தாக வேண்டும். கைத்திறன் மிக்க கொத்தனார் இன்றேல் கூரை அமையாது. பொருளுக்கான செலவு குறையும். கூலிக்கான பங்கு கூடும். ஆயினும் அக்கூலி தொலைவிலுள்ள இரும்பாலைக்குச் செல்லாமல் உள்ளூர் உழைப்பாளியின் கைக்கே செல்கிறது. ஃபாத்தி விரும்பியதும் இதுவே.

நிறைவாக

புதிய கூர்னாவின் நிலத்தில் ஊறிய உப்பும் நிலத்தடி நீரும் அதன் மண்சுவர்களைச் சிதைத்தன. வீடுகள் பலவற்றை மக்கள் தம் விருப்பம்போல் மாற்றிக் கட்டிக்கொண்டனர். எஞ்சிய பள்ளிவாசலையும் அரங்கையும் காக்கும் பணியில் யுனெஸ்கோ ஈடுபட்டது. ஓர் ஊரை முழுமையாக்க இயலாத ஃபாத்தி, அழியும் நிலையிலிருந்த ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றினார். அஸ்வானின் கொத்தனார்களை ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்ட பணிவே அதற்கு அடிப்படை. அவர்தம் முறையை நம் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாற்றியதனாலேயே அது இங்கு வேர் கொண்டது. வீடு கட்டும் அறிவு ஏட்டில் மட்டும் இல்லை. அது உழைப்பவர் கையிலும், வாழ்பவர் விருப்பத்திலும் இருக்கிறது. மூன்றும் இணையும் இடத்தில்தான் ஏழைக்கும் நல்ல வீடு அமையும் என்பதை ஹசன் ஃபாத்தியின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழைய வீடுகளின் சுவருக்கும் கூரைக்கும் பயன்பட்ட பொருள்களைப் பட்டியலிட்டு, அவை எங்கிருந்து கிடைத்தன என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. நூலில் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு அதன் வளைவைத் தாளில் வரைக. அதனைத் தலைகீழாகத் திருப்பி ஒரு கூரையின் வடிவத்தை அமைத்து வகுப்பில் விளக்குக.

3. புதிய கூர்னாவின் தோல்விக்கு அலுவலர், மக்கள், கட்டடக் கலைஞர் ஆகியோருள் யார் பொறுப்பு என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.